40 யூரோ பழைய போர்தோ பெட்டி, எது தேறுச்சு எது போச்சு

பெட்டி கிட்டத்தட்ட காலி, அதனால இப்ப எழுதுனா சரியா இருக்கும். இங்க ஃபிரான்ஸ்ல வித் க்ரெனியே தெரியும்ல, ஊர்க்காரங்க பரண்லயும் காவ்ங்கிற நிலவறையிலயும் கிடந்ததை எல்லாம் தெருவுல மேசை போட்டு விக்கிற ஞாயித்துக்கிழமை சந்தை, அங்க ஒருத்தர் அப்பா வீட்டைக் காலி பண்றோம்னு சொல்லி ஒரு அட்டைப்பெட்டி சிவப்பு போர்தோ வைனைக் காலடியில வச்சிருந்தார். 12 பாட்டில், மொத்தமா எடுத்தா 40 யூரோ, பிரிச்சு தரமாட்டேன்னுட்டார். பாட்டிலுக்கு மூணேகால் யூரோ சொச்சம். பெரிய ஷாத்தோ, அதான் பேரெடுத்த வைன் தோட்டம், எதுவும் கிடையாது, அதுங்களைத் தரம் பிரிச்ச 1855 பட்டியல்ல வர்ற பேரு ஒண்ணுகூட இல்ல, எல்லாமே செப்டம்பர்ல சூப்பர்மார்க்கெட்டுல ஃபுவார் ஓ வான்னு வைன் சந்தை போடுறப்ப அஞ்சுலேருந்து பத்து யூரோக்குள்ள அள்ளிட்டு வர்ற சரக்கு.

பெட்டிக்குள்ள இருந்தது நாலு வகை, பேருக்குப் பக்கத்துல இருக்குறது திராட்சை அறுத்த வருஷம். வெறும் போர்தோ அப்பெலாசியோன் (லேபிள்ல போடுற ஏரியா பேரு) 2013 நாலு, போர்தோ சுப்பேரியர் 2010 மூணு, கோத் து பூர் 2009 மூணு, மெதாக் 2005 ரெண்டு. இந்த மாதிரி விலை குறைஞ்ச வைனை இத்தனை வருஷம் வச்சிருக்கணும்னு யாரும் செஞ்சது இல்ல, சாதா போர்தோன்னா மூணுலேருந்து ஆறு வருஷத்துல குடிச்சு முடிக்கிற மாதிரிதான் இருக்கும். அதனால கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், இதுல எது இன்னும் உசுரோட இருக்கு, எதுக்கு ஆயுசு முடிஞ்சிடுச்சு, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது. லேபிளைப் பாத்து இதைச் சொல்ல முடியாது. முக்காவாசி லேபிள்ல கிராண் வான் து போர்தோ, அதாவது போர்தோவோட உயர்ந்த வைன்னு தங்க எழுத்துல போட்டிருக்கும், அதுக்கும் தரத்துக்கும் சம்பந்தம் இல்ல, எட்டு யூரோ பாட்டில்லயும் அதே வரிதான். பாட்டில் மேல ஒட்டுற மெடல் ஸ்டிக்கரும் பாட்டில்ல அடைச்ச புதுசுல யாரோ ருசி பாத்து குடுத்தது, இன்னைக்கு உள்ள என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது.

முதல் வேலை, எதையும் திறக்காம வெளியிலேருந்து பாக்குறது. போர்தோ பாட்டிலுக்குத் தோள் எடுப்பா இருக்குறது இதுக்கு ரொம்ப வசதி. பாட்டிலை நேரா நிறுத்தி, கார்க்கோட அடியிலேருந்து வைன் மட்டம் வரைக்கும் ஸ்கேல் வச்சு அளந்தேன், கார்க் அடி எங்க இருக்குன்னு கழுத்துக்குப் பின்னாடி ஃபோன் டார்ச் அடிச்சா தெரிஞ்சிடும். புது பாட்டில்ல ஒண்ணு, ஒண்ணரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். பத்துப் பதினஞ்சு வருஷம் ஆனதுல ரெண்டு, ரெண்டரை இருந்தாலும் கழுத்துக்குள்ளயே நிக்குதுன்னா பயம் இல்ல. தோள் ஆரம்பிக்கிற இடத்துக்கு வந்துட்டா சந்தேகம், தோள் நடுவுக்கு இறங்கிட்டா விலை குறைஞ்ச வைனைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட முடிஞ்ச கதைதான், அந்த அளவுக்கு வைன் போயிருக்குன்னா அந்த இடத்துக்குக் காத்து வந்திருக்குன்னு அர்த்தம்.

என்னோடதுல 2005 ரெண்டும் ஒண்ணரை சென்டி, 2009 மூணும் ரெண்டை ஒட்டி, 2010ல ரெண்டு ஒழுங்கா இருந்துச்சு மூணாவது மேல்தோளுக்கு வந்துடுச்சு, 2013ல ஒண்ணு தோள் நடுவுக்கே இறங்கியிருந்துச்சு. இந்தக் கடைசி பாட்டில் எல்லாத்தையும் விட வயசுல சின்னது, அதைக் கவனிங்க. அடுத்தது கேப்ஸ்யூல், அதான் மேல மூடியிருக்குற தகடு. கையால சுத்திப் பாத்தா சுத்தணும். சுத்தலைன்னா கெட்டுப்போச்சுன்னு உடனே அர்த்தம் இல்ல, சிலது ஃபேக்டரியிலயே இறுக்கமா அமுக்கியிருப்பாங்க, ஆனா விளிம்புல பிசுபிசுன்னு காஞ்ச கறையும் சேர்ந்து இருந்தா உள்ளேருந்து கசிஞ்சிருக்கு. 2013ல அந்த மட்டம் இறங்குன பாட்டில்ல கறை லேபிள் வரைக்கும் ஒழுகி வந்திருந்துச்சு. நான் சந்தையிலயே லேபிளைப் பாத்த நேரத்துல பாதியைக் கழுத்தைப் பாக்கச் செலவு பண்ணியிருந்தா 35 யூரோவுக்குப் பேசியிருக்கலாம், சரி விடுங்க.

அப்புறம் எல்லாத்தையும் எங்க கட்டடத்து காவ்ல இறக்கி விட்டேன். பன்னெண்டு, பதிமூணு டிகிரியில இருக்கும், ஈரமும் போதுமான அளவு உண்டு. ஒவ்வொண்ணா திறக்குறதுக்கு முந்தின நாளே நேரா நிறுத்தி வச்சிடணும், படுத்துக் கிடந்த பாட்டில்ல மண்டி பக்கவாட்டுல ஒட்டியிருக்கும், நிறுத்தி வச்சா அடிக்கு இறங்கும். ஒரு நாள் போதும், ரெண்டு நாள்னா நிம்மதி.

கார்க் எடுக்குறதுதான் நான் நினைச்சதை விட பெரிய வேலையா போச்சு. வீட்டுல இருந்தது சாதாரண லிமோனாதியே, சர்வருங்க பாக்கெட்ல வச்சிருக்குற மடக்கு திருகு. 2010 முதல் பாட்டில்ல அதைப் போட்டேன், பாதி கார்க் வந்துச்சு, மீதி பாதி உதிர்ந்து உள்ள விழுந்துடுச்சு. பழைய கார்க் நடுவுல பஞ்சு மாதிரி ஆகிடும், திருகுக்குப் பிடி கிடைக்காது. இதுக்குன்னே பிலாம்னு ஒரு கருவி இருக்கு, ஒண்ணு நீளம் ஒண்ணு கொஞ்சம் குட்டைன்னு ரெண்டு தட்டையான கம்பி, மேல ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். 12 யூரோ. நீளமான கம்பியை முதல்ல கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவுல சொருகணும், அப்புறம் குட்டைக் கம்பியை எதிர்ப்பக்கம், அப்புறம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு ஆட்டி ஆட்டி கீழ இறக்கணும், கைப்பிடி கார்க் மேல உக்காந்ததும் சுத்திக்கிட்டே மேல இழுக்கணும். நேரா மட்டும் இழுத்தா கம்பி வழுக்கி வெளிய வந்துடும். இன்னொண்ணு, ஏற்கனவே லூசா இருக்குற கார்க்குக்கு இதைப் போட்டா உள்ள தள்ளி விட்டுடும். அதனால முதல்ல விரலால லேசா அமுக்கிப் பாருங்க, அசைஞ்சா பிலாம் வேணாம், திருகைச் சாய்வா விட்டு மெதுவா எடுங்க.

எடுத்த கார்க்கைத் தூக்கிப் போடாதீங்க, அதுல நிறைய விஷயம் இருக்கு. 2005 மெதாக்ல வந்தது நல்ல நீளமான முழு கார்க், 49 மில்லிமீட்டர், அடி மட்டும் கருஞ்சிவப்பு, பக்கவாட்டுல ரெண்டு மூணு மில்லிமீட்டர் தாண்டி கறை ஏறவே இல்ல. 2013ல இருந்தது 38 மில்லிமீட்டர், தூளை ஒட்டிச் செஞ்ச கார்க், ஒரு பக்கமா கோடு போட்ட மாதிரி கறை அடியிலேருந்து உச்சி வரைக்கும். அந்தக் கோடுதான் காத்து வந்த பாதை. அடைச்சவங்களுக்கே இது ரெண்டு, மூணு வருஷத்துல தீர்ந்துடும்னு கணக்கு, அதுக்கு ஏத்த கார்க்கைத்தான் போட்டிருக்காங்க, அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. ரெஸ்டாரன்ட்ல ரொம்ப வருஷம் வேலை பாத்த புதுச்சேரிக்கார அண்ணன் ஒருத்தர் எனக்கு இதுல வாத்தியார் மாதிரி, அவர்கிட்ட கார்க்கை மோந்து பாத்து ஏதேதோ சொல்லிக்கிட்டு இருந்தேன், "தம்பி, கார்க்கைக் கண்ணால பாரு, மூக்குக்கு கிளாஸைக் குடு"ன்னார். உண்மைதான், நல்ல வைனோட கார்க்கும் மோந்தா கார்க் வாசம்தான் வரும்.

ஊத்துறதுக்கு ஐநாவோ கிளாஸ்னு இங்க சொல்ற சின்ன டேஸ்டிங் கிளாஸ் வாங்குனேன், கொள்ளளவு 200 மில்லியைக் கொஞ்சம் தாண்டும், ஒண்ணு மூணு யூரோக்குள்ளதான். அதுல 50 மில்லி ஊத்துனா போதும். கூடவே ஒரு வெள்ளைத்தாள், ஒரு தெர்மாமீட்டர், கார்க் உதிர்ந்தா வடிக்க டீ வடிகட்டி.

அப்புறம் ஒரு முக்கியமான சாமான், 6 யூரோவுக்கு ஒரு புது போர்தோ சுப்பேரியர். எதுக்குன்னா ஒப்பிட்டுப் பாக்க. பழைய வைனை மட்டும் தனியா வாயில வச்சா அது பழசா, கெட்டதா, இல்ல ஆரம்பத்துலேருந்தே சுமாரான சரக்கான்னு என்னால பிரிக்க முடியல. பக்கத்துல அதே ஏரியாவோட புது வைன் ஒரு கிளாஸ் இருந்தா பழம் எவ்வளவு குறைஞ்சிருக்கு, துவர்ப்பு எவ்வளவு மாறியிருக்குன்னு நாக்கு உடனே சொல்லிடுது. என் நாக்கு அனுபவசாலி நாக்கு இல்ல, அதுக்கு இந்த ஊன்றுகோல் தேவைப்பட்டுச்சு.

கிளாஸை வெள்ளைத்தாள் மேல நல்லா சாய்ச்சு விளிம்பைப் பாக்கணும். புது வைன் ஊதா கலந்த சிவப்பு, விளிம்பு வரைக்கும் அதேதான். 2009ல நடுவுல மாதுளைச் சிவப்பு, விளிம்புல ஒரு விரல்கடை அகலத்துக்கு செங்கல் நிறம். நிறைய பேர் இந்த செங்கல் நிறத்தைப் பாத்துட்டு போச்சுன்னு முடிவு பண்ணிடுறாங்க, அது வயசோட அடையாளம்தான், சாவோட அடையாளம் இல்ல. பாக்க வேண்டியது நடு. நடுவுல இன்னும் சிவப்பு இருக்கா, வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சா பளிச்சுன்னு இருக்கா. 2013ல நடுவே பழுப்பு, அதுவும் மங்கல், கிளாஸுக்குப் பின்னாடி விரலை வச்சா கலங்கலா தெரிஞ்சுது, மண்டியைக் கலக்காம கவனமா ஊத்தியும் அப்படித்தான். மேல்தோள் மட்டத்துல இருந்த 2010க்கும் கிட்டத்தட்ட இதே நிறம், ஒழுங்கா நிறைஞ்சிருந்த அதோட கூடப்பிறந்த பாட்டில் அதே லேபிள், அதே வருஷம், நல்ல அடர் சிவப்பு. ஒரே பெட்டியில வளர்ந்ததுங்கதான் ரெண்டும். அதனால ஒரு பாட்டில் போச்சுன்னா அந்த வகையே போச்சுன்னு சிங்க்ல ஊத்தக் கிளம்பாதீங்க.

மூக்குக்கு வந்தா இங்க மூணு விஷயத்தைக் குழப்பிக்கக் கூடாது. இதுதான் இந்தப் பெட்டியில நான் கத்துக்கிட்டதுல உருப்படியானது. ஒண்ணு பூட்டி வச்ச வாசம், ரெண்டு கோளாறு, மூணு நிஜமாவே வயசு முடிஞ்சது.

பூட்டி வச்ச வாசம் எல்லா பழைய பாட்டில்லயும் வரும், திறந்த உடனே ஒரு மக்குன, மூடிக்கிடந்த அறை வாசம். பத்து, பதினஞ்சு நிமிஷத்துல கிளாஸ்லயே போயிடும். அதை வச்சு எதுவும் முடிவு பண்ணக் கூடாது.

கோளாறுன்னா அதுல முதல் ஆள் கார்க் நாத்தம். டி.சி.ஏன்னு ஒரு வேதிப்பொருள், ஒரு லிட்டருக்கு சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிஞ்சிடும். நனைஞ்ச அட்டைப்பெட்டி, ஈரமான நிலவறை வாசம். பூட்டி வச்ச வாசத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் நேரம்தான், அது போகும், இது நேரம் ஆக ஆக கூடும். எனக்கு வாய்ச்சது எதுல தெரியுமா, அந்த 2005 மெதாக் முதல் பாட்டில்ல. மட்டம் அருமை, கார்க் அருமை, நிறம் அருமை, ஊத்துனா அட்டைப்பெட்டி. அரை மணி நேரம் கழிச்சு இன்னும் மோசம். பாலித்தீன் ஷீட்டைச் சுருட்டி வைனுக்குள்ள போட்டு வச்சா அந்த வாசத்தை உறிஞ்சிக்கும்னு கேள்விப்பட்டு அதையும் ஒரு ஜாடியில பண்ணிப் பாத்தேன், நாத்தம் ஓரளவு குறைஞ்சுது, ஆனா பழ வாசம் திரும்பி வரல, குடிச்சா வெறும் தண்ணி கலந்த மாதிரி ஊமையா இருந்துச்சு. இதுக்கு வயசு காரணம் இல்ல, நேத்து அடைச்ச பாட்டில்லயும் வரும். கோளாறுல இன்னொண்ணு குதிரை லாய வாசம், 2009ல லேசா இருந்துச்சு, அது பிரெட்டனோமைசிஸ்ங்கிற ஈஸ்ட் வேலை, வைன் செஞ்ச இடத்துலேருந்தே கூட வர்றது. கொஞ்சமா இருந்தா எனக்குப் பிடிக்குது, என் வீட்டுக்காரம்மா அந்த கிளாஸைப் பக்கத்துலயே விடல.

வயசு முடிஞ்ச வாசம் வேற. அடிபட்டு பழுப்பான ஆப்பிள், ஷெர்ரி வைன், சோயா சாஸ், இதெல்லாம் மேல வந்து உக்காந்துக்கும், பழம்னு எதுவும் தேடினாலும் கிடைக்காது. நெயில் பாலிஷ் ரிமூவரோ வினிகரோ தூக்கலா அடிச்சா அதுவும் முடிஞ்சது. இதுக்கு எதிர்ப்பக்கம் நல்லா வயசான போர்தோ இருக்கு, அதுல பென்சில் சீவுன வாசம், சுருட்டுப் பெட்டி, தோல், மழைக்கப்புறம் மக்குன இலை, காளான். காளான் வாசம் வந்ததும் பயந்துடாதீங்க, அதுக்கு அடியில உலர்ந்த ப்ளம், செர்ரின்னு ஏதாவது பழம் இன்னும் ஒளிஞ்சிருக்கான்னு பாருங்க. இருந்தா அது வயசான வைன். வெறும் காளான் மட்டும்னா அது தோட்டத்து மண்ணு.

வாயில வச்சப்பதான் இந்த விலைக்கு வர்ற போர்தோ எப்படி சாகுதுன்னு புரிஞ்சுது. பெரிய ஷாத்தோ வைன்ல பழமும் நிறைய, துவர்ப்பும் நிறைய, காலப்போக்குல துவர்ப்பு இளகுற வரைக்கும் பழம் தாக்குப்பிடிக்கும். விலை குறைஞ்சதுல பழம் முதல்ல கிளம்பிடுது, துவர்ப்பும் புளிப்பும் அப்படியே உக்காந்திருக்கு. 2010 எனக்கு இதைத்தான் காட்டுச்சு. 2010 போர்தோவுல பேரெடுத்த வருஷம், வறண்ட கோடை, குளிர்ச்சியான ராத்திரி, துவர்ப்பு, புளிப்பு, ஆல்கஹால் மூணுமே தூக்கல். என் பாட்டில்லயே 14 சதவீதம் போட்டிருந்துச்சு. நல்ல வருஷம்தானே, இதுதான் பெட்டியோட ஹீரோன்னு நான் எதிர்பார்த்தேன். வாயில வச்சா முதல்ல கொஞ்சம் உலர்ந்த பழம், அடுத்த நொடி நடுவுல வெத்திடம், அப்புறம் ரொம்ப நேரம் ஊறுன டீ டிக்காஷன் மாதிரி ஈறு எல்லாம் புடிச்சு இழுக்குது. பக்கத்துல இருந்த ஆறு யூரோ புது வைனுக்கும் துவர்ப்பு இருந்துச்சு, ஆனா அதை மூட பழம் இருந்துச்சு. இன்னும் அஞ்சு வருஷம் வச்சா இளகும்னு சிலர் சொல்வாங்க, இளகும்தான், அப்ப உள்ள வேற ஒண்ணும் இருக்காது.

2009 இதுக்கு நேர் எதிர். அது வெயில் நல்லா அடிச்ச வருஷம், பழம் நல்லா கனிஞ்சு, துவர்ப்பு ஆரம்பத்துலேருந்தே மெத்துன்னு இருந்த வருஷம். அதோட கோத் து பூர்னா ஜிரோந்து ஆத்துக்கு வலதுகரை, மெர்லோ திராட்சை அதிகம் போடுற ஏரியா. ஊத்துனதும் கொஞ்சம் மந்தமா இருந்துச்சு, பத்து நிமிஷத்துல உலர்ந்த ப்ளம் வந்துச்சு, அத்தி, கொஞ்சம் தோல், அந்தக் குதிரை லேசா. வாயில நடுவுல வெத்திடம் இல்ல, முழுங்குனப்புறமும் கொஞ்ச நேரம் நின்னுச்சு. எட்டு, ஒன்பது யூரோ வைன் இத்தனை வருஷம் கழிச்சு இப்படி இருந்தா கும்புடு போட்டு குடிக்கலாம். 2013 பத்தி நிறைய சொல்ல ஒண்ணும் இல்ல, அந்த வருஷம் வசந்தத்துல குளிரு, மழை, பூ சரியா பிடிக்கல, விளைச்சல் குறைவு, அறுவடை நேரத்துல அழுகல் வேற. மெல்லிசா, பச்சைக் குடமிளகாய் வாசத்தோட பொறந்தது, இப்ப புளிச்ச தண்ணி. நாலுல ஒண்ணுகூட முழு கிளாஸ் உள்ள போகல.

டிகான்டர், அதான் வைனை மாத்தி ஊத்தி வைக்கிற கண்ணாடி ஜாடி, அது விஷயத்துல என்ன ஆச்சுன்னா, நல்லா இருந்த 2010ல ஒண்ணைத் திறந்ததும் கொஞ்சம் இறுக்கமா இருக்கே, காத்து பட்டா விரியும்னு அகலமான டிகான்டர்ல ஊத்தி ஒரு மணி நேரம் விட்டேன். இளசான வைனுக்குப் பண்ற வேலை அது. திரும்பி வந்தப்ப இருந்த கொஞ்சநஞ்ச பழமும் ஆவியா போயிருந்துச்சு. அடுத்ததுலேருந்து டிகான்டர் பக்கமே போகல, பாட்டில்லேருந்து நேரா கிளாஸுக்கு, அதுவும் டார்ச் வெளிச்சத்துல கழுத்துல மண்டி எட்டிப்பாத்த உடனே நிறுத்திடுறது. கடைசி ரெண்டு விரல் வைன் பாட்டில்லயே போகட்டும். கிளாஸ்ல அஞ்சு நிமிஷம், கால் மணி, அரை மணி, ஒரு மணின்னு நாலு தடவை மோந்து, குடிச்சுக் குறிச்சு வச்சுக்கிட்டேன். ஏறிக்கிட்டே போகுதா, அப்படியே நிக்குதா, இறங்குதா, அந்தப் போக்குதான் தீர்ப்பு. 2009 அரை மணி வரைக்கும் ஏறி ஒரு மணியிலயும் நின்னுச்சு. 2010 கால் மணியில உச்சி, அப்புறம் இறக்கம். 2013க்கு உச்சின்னு ஒண்ணு இல்ல.

மிச்சம் இருந்ததைக் கார்க் போட்டு ஃபிரிட்ஜ்ல வச்சு மறுநாள் சாயங்காலம் திரும்பக் குடிச்சுப் பாக்குறதும் நல்ல சோதனை. மறுநாளும் தாங்குச்சுன்னா அதோட கூடப்பிறந்த பாட்டிலுங்களுக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கு, அவசரம் இல்ல. சாப்பாடு முடியுறதுக்குள்ளயே படுத்துடுச்சுன்னா மீதியை இந்த மாசத்துலயே திறந்துடுங்க.

சூட்டையும் கவனிக்கணும். எங்க சமையலறை 23 டிகிரி, அதுல 2010 வெறும் ஸ்பிரிட் மாதிரி மூக்குல ஏறுச்சு. காவ்லேருந்து அப்படியே எடுத்துட்டு வந்து 13 டிகிரியில குடிச்சா துவர்ப்பு கத்தி மாதிரி. 16, 17ல வச்சப்ப ரெண்டும் அடங்குச்சு. காவ்லேருந்து கொண்டு வந்து மேசையில கொஞ்ச நேரம் வச்சு தெர்மாமீட்டர்ல பாத்து ஊத்துங்க, சூட்டுல கெட்டதா தெரிஞ்ச வைனை ஆயுசு முடிஞ்சதுன்னு கணக்கெழுதிடாதீங்க.

சாப்பாட்டோட சேர்த்தா தீர்ப்பு ஒரு படி மாறும். நிறைஞ்சிருந்த ரெண்டாவது 2010ஐ தனியா குடிக்க முடியல, ஆனா உப்பு தூக்கலா போட்டு வறுத்த மாட்டுக்கறியோட, அப்புறம் ஒரு துண்டு கோம்தே சீஸோட குடிச்சப்ப அந்த டிக்காஷன் துவர்ப்பு பாதியா குறைஞ்சிடுச்சு. உப்பு, கொழுப்பு, புரதம் மூணும் துவர்ப்புக்கு எதிரி. நம்ம வீட்டு மிளகாய்க் குழம்போட வேணாம், காரம் துவர்ப்பையும் ஆல்கஹாலையும் ரெண்டு மடங்கா தூக்கிக் காட்டும், பாவம் அந்த வைனுக்கு ஏற்கனவே தெம்பு இல்ல.

2005 ரெண்டாவது பாட்டிலை அண்ணன் வந்தப்ப திறந்தோம், முதல் பாட்டில் நாறுனதால எனக்கு நம்பிக்கையே இல்ல. மெதாக்னா ஜிரோந்து ஆத்துக்கு இடதுகரை, கபெர்னே சோவிஞோன் திராட்சை நிறைய, வருஷமும் நல்ல வருஷம். கிளாஸை ஒரு சுத்து சுத்தி மூக்கை வச்சவர் ரொம்ப நேரம் எடுக்கவே இல்ல. பென்சில், சுருட்டுப் பெட்டி, கருப்புத் திராட்சை மாதிரி ஒரு இனிப்பு அடியில, துவர்ப்பு கரைஞ்சு பட்டு மாதிரி. "இதை நீ மூணு யூரோவுக்கா வாங்குன?"ன்னு கேட்டுட்டு அடுத்த கிளாஸை அவரே ஊத்திக்கிட்டார். ஒரு மணி நேரம் அசையாம நின்னுச்சு, மறுநாளுக்கு வச்சுப் பாக்கலாம்னா மிச்சம் இல்ல.

செத்ததை என்ன பண்ணேன்னா, வெறுமனே பழம் போன 2013 ஒண்ணை மாட்டுக்கறி வேகவைக்க ஊத்துனேன், நல்லாவே வந்துச்சு, கொஞ்சம் சர்க்கரை சேர்க்க வேண்டியிருந்துச்சு. கார்க் நாத்தம் இருந்த மெதாக்கை சமையல்ல போடல, சமைச்சாலும் அந்த நாத்தம் சாஸ்ல மிஞ்சலாம், சிங்க்குக்கே போச்சு. மத்த 2013 ரெண்டும் காடிக்கு, அதான் வினிகருக்கு. தெரிஞ்சவங்க வீட்டுலேருந்து காடித் தாய், அந்த வழவழ படலம், வாங்கி வந்து அகல வாய் ஜாடியில, மூணு பங்கு வைனுக்கு ஒரு பங்கு தண்ணி கலந்து போட்டேன், 12 சதவீத ஆல்கஹால்ல பாக்டீரியா திணறும், ஒன்பதுக்கு இறக்குனா நல்லா வேலை செய்யும். வாயில மெல்லிசு துணி கட்டி அலமாரி மேல இருட்டுல. இப்ப மேல புதுசா ஒரு படலம் கட்டியிருக்கு, வாசம் சுத்தமான காடி வாசம்தான். கசிஞ்ச அந்த 2013ஐ மட்டும் எதுக்கும் எடுக்கல. வயசு முடிஞ்ச வைனால உடம்புக்கு ஆபத்துன்னு ஒண்ணும் இல்ல, ஆல்கஹாலும் புளிப்பும் இருக்குற இடத்துல நோய்க்கிருமி வளராது, ருசிதான் பிரச்சினை, ஆனா கேப்ஸ்யூலுக்கு அடியில அப்படி ஒரு பூஞ்சையைப் பாத்தப்புறம் மனசு வரல.

செலவுக் கணக்கு: பெட்டி 40, பிலாம் 12, தெர்மாமீட்டர் 8, கிளாஸ் நாலு சேர்த்து 10, ஒப்பிட வாங்குன புது வைன் 6. மொத்தம் 76 யூரோ. திருப்தியா குடிச்சது, இன்னும் காவ்ல இருக்குறதையும் சேர்த்தா, நாலு பாட்டில். அதே காசுக்குக் கடையில பத்து யூரோவுக்கு ஏழு நல்ல இளசு வைன் வாங்கியிருக்கலாம், அது எனக்கும் தெரியும். கருவி எல்லாம் மிச்சம்னு வீட்டுல சொல்லியிருக்கேன்.

அடுத்த தடவை சந்தையில இப்படிப் பெட்டி பாத்தா முதல்ல வருஷம் பாப்பேன், 2013 அதிகமா இருந்தா விலையைப் பாதியா கேப்பேன் இல்லன்னா நகர்ந்துடுவேன். அப்புறம் ஒவ்வொண்ணையும் தூக்கி டார்ச் அடிச்சு மட்டம் பாப்பேன், விக்கிறவர் மூஞ்சி சுளிச்சாலும் சரி. வெறும் போர்தோ அப்பெலாசியோன்ல எட்டு வருஷம் தாண்டுனது வேணாம். வலதுகரை மெர்லோன்னா வெயில் வருஷமா பாத்து எடுப்பேன். எங்க வச்சிருந்தீங்கன்னு கட்டாயம் கேப்பேன், காவ்னா சரி, சமையலறை அலமாரின்னா எந்த ஷாத்தோவா இருந்தாலும் வேணாம். ஒரே வகை மூணு நாலு இருந்தா ஒண்ணைத் தனி விலைக்கு வாங்கிட்டுப் போய் அன்னைக்கே திறந்து பாத்துட்டு மீதிக்குத் திரும்பி வர முடியுமான்னு கேப்பேன், சில பேர் சாயங்காலம் வரைக்கும் எடுத்து வைப்பாங்க.

2009ல ஒண்ணு மிச்சம் இருக்கு. மறுநாள் சோதனையில அதோட கூடப்பிறந்த பாட்டில் தாங்குச்சு, இருந்தாலும் இன்னொரு கோடைக்கு அதை வைக்கப் போறதில்ல.